கழிக்கப்பட்ட காலடி

6

இறந்துபோனவளின் செருப்பை யாரும் தொடவில்லை.

நிலவறைப் படிகள் முடிகிற இடத்தில், கனத்த இரும்புக் கதவுக்கு வெளியே, இரண்டு தட்டு வைத்த அலமாரி ஒன்று நின்றது. மேல்தட்டு, வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் சொந்தச் செருப்பைக் கழற்றி வைக்க. கீழ்த்தட்டில், உள்ளே போட்டுக்கொள்ள ஆய்வகமே கொடுக்கும் தட்டையான வெள்ளை ரப்பர்ச் செருப்புகள். கோடியில் ஒரு ஜோடிக்கு மட்டும் இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார்கள், பஸ்ஸில் குடிகாரனுக்குப் பக்கத்து இருக்கையை விட்டுவைப்பதுபோல.

மீட்டர் குனிந்து பார்த்தான். இடது செருப்பு கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. வலது செருப்பின் முன்பாதி மட்டும் தேய்ந்து சல்லடையாகியிருந்தது. குதிகால் பக்கம் அழுக்குகூட ஒட்டவில்லை. அந்தக் காலின் குதிகால் தரையைத் தொட்டதே இல்லை போலிருந்தது.

"அண்ணி, அந்தக் கடைசி ஜோடியை மட்டும் எனக்குக் குடுத்துடாதீங்க. சைஸ் சரிவராது."

"வாயை மூடிட்டு வா. உள்ள மூச்சு விட்டாலே மெஷின் நடுங்குமாம். நீ பேசினா தூள் தூளாயிடும்," என்றாள் அண்ணி.

அண்ணி, அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், எரிந்த கடைகளுக்கும் கவிழ்ந்த லாரிகளுக்கும் பின்னால் ஒளிந்திருந்த பொய்யை மோப்பம் பிடித்துப் பழகியவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த கொழுந்தனை உதவிக்கு இழுத்துக்கொண்டாள். துணியைப் போலவே பேச்சையும் நீளம் நீளமாக அளந்துவிடுகிறவன் என்பதால் கடையில் அவனுக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணன் வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டார். குடும்பத்தில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஆள் அவர்தான்.

அவர்களைக் கூப்பிட்டிருந்தவர் இந்த ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர். முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், "பேய்னு நான் சொல்லல," என்று ஆரம்பித்தார். பேய் என்று அங்கே யாருமே சொல்லியிருக்கவில்லை.

அவர் சொன்ன கதை இது. அவரிடம் வேலை பார்த்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி, போன மழைக்காலத்தில், இதே படிகளில் விழுந்து கிடந்தாள்; கழன்று கிடந்த ரப்பர்ச் செருப்பை யாரோ எடுத்து அலமாரியில் வைத்ததோடு சரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவளுக்கு வலது கால் குட்டை. அவள் போனபிறகு அவள் வேலையைப் பேராசிரியரின் மருமகன் ஏற்றுக்கொண்டான். அவனும் அங்கேயே ஆராய்ச்சிக்காரன்தான். சென்ற வாரம் அவன் எடுத்த படம் ஒன்றை எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். அபாரமான படம். ஆனால் அதன் தொடக்கத்தில் திரை லேசாக நடுங்கியது. பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்று, யாரிடமும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அக்கா வர்றா," என்றாள்.

இறந்தவளின் கூடப்பிறந்த தங்கை அவள். மாடியில், படம் எடுப்பதற்கான செல்களை வளர்த்துக் கொடுப்பது அவள் வேலை.

அன்றிலிருந்து யாரும் தனியாக நிலவறைக்கு வருவதில்லை. மருமகனோ பேய் பிசாசெல்லாம் இல்லை என்றான். தன் படத்தைக் கெடுக்கத் தங்கைக்காரிதான் உள்ளே புகுந்து நொண்டி நடந்திருக்கிறாள் என்றான். சும்மா சொல்லவில்லை. அவளுடைய பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு ஜோடி ஷூ இருந்தது, வலது அடி மட்டும் செங்கல் கனத்துக்கு உயர்த்திக் கட்டியது.

இன்று பிற்பகல் மாடியில் கூட்டம். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். அந்தப் படம் அவர்களுக்குக் காட்டப்படும். அதற்கு முன்னால் தங்கையை வேலையைவிட்டு அனுப்பும் கடிதத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கடிதம் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. கையெழுத்துத்தான் வரவில்லை.

கதவு திறந்தது. உள்ளே ஜன்னல் இல்லை, குளிர் மட்டும் இருந்தது. காற்று அடைத்த கால்களின்மேல் மிதக்கும் ஓர் இரும்பு மேஜை, அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டியின் நடுவே தபால்தலை அளவுக்கு ஒரு மெல்லிய கண்ணாடி. பக்கத்தில் இரண்டு திரைகள். எல்லாவற்றுக்கும் அடியில், தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல ஓர் இரைச்சல். பிணம் கிடத்திய வீட்டில் பேசுவதுபோல எல்லோரும் தாழ்ந்த குரலிலேயே பேசினார்கள்.

மருமகன் வெள்ளை அங்கியில் நின்றிருந்தான். விற்காத சரக்குக்குப் பளபளப்பு அதிகம் என்பது மீட்டரின் அனுபவம். அங்கி இஸ்திரி கலையாமல் அப்படிப் பளபளத்தது. தங்கை சுவரோரமாக ஒரு ஸ்டூலில் இருந்தாள். அக்கா சம்பந்தமாக வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவரும்படி அண்ணி முந்தின நாளே போனில் சொல்லியிருந்ததால், மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும் என்றாள் அண்ணி. பேராசிரியருக்கு உயிர் வந்தது.

வழக்கமாக, செல்லிலிருந்து வரும் புரதத்தைப் பார்க்கவேண்டுமானால் அதற்கு மினுங்கும் சாயம் ஒன்றை ஒட்டவேண்டும் என்றார் அவர். சாயம் ஒட்டினால் புரதம் தன் இயல்பில் இருக்காது. அதோடு, எதற்குச் சாயம் ஒட்டினோமோ அது மட்டும்தான் தெரியும். இங்கே சாயமே கிடையாது. அடியிலிருந்து ஒளி போகிறது. கண்ணாடி கொஞ்சத்தைத் திருப்பியனுப்புகிறது. கண்ணாடியின்மேல் வந்து உட்காரும் ஒற்றைப் புரத மூலக்கூறும் தன் பங்குக்கு இம்மியளவு ஒளியைச் சிதறடிக்கிறது. இரண்டு ஒளியும் கலக்கிற இடத்தில் ஒரு சின்ன இருட்டு விழும். கனமான புரதம் என்றால் இருட்டும் கனம்.

"சாயம் ஏத்தாத துணியை வெறும் தடவலிலேயே எடை சொல்ற மாதிரி," என்றான் மீட்டர்.

அப்படித்தான் என்றார் பேராசிரியர். ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது. எவ்வளவு மழமழப்பான கண்ணாடியும் இந்த ஒளியில் மேடு பள்ளமாகத் தெரியும். அந்த மேடு பள்ளத்துக்கு முன்னால் ஒரு புரதம் என்பது சந்தைக் கூட்டத்தில் ஒரு கொசு. அதனால் மெஷின் ஓயாமல் படம் எடுத்து, பின்னால் வருவதிலிருந்து முன்னால் வந்ததைக் கழித்துக்கொண்டே போகும். முன்பே இருந்தது எல்லாம் மறைந்துவிடும். புதிதாக வந்து விழுந்தது மட்டும் கரும்புள்ளியாக நிற்கும்.

"புரியுது சார். காலையிலிருந்து கடையில நிக்கிற ஆளு முதலாளி கண்ணுக்குத் தெரியமாட்டான். அப்பதான் உள்ள வர்ற கஸ்டமர்தான் தெரிவான்."

பேராசிரியர் அவனை ஒரு கணம் பார்த்தார். "அசையாம இருக்கறது எதுவா இருந்தாலும் மெஷின் தூக்கி எறிஞ்சிடும்," என்றார். பிறகு, அந்த வாக்கியம் தான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்பதுபோல, தங்கை இருந்த பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படத்தில் இருந்தது என்ன என்பதை மருமகன் சொன்னான். கண்ணாடியின்மேல் ஒரே ஒரு செல். சாகப்போகிற செல். அது சாவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு குறிப்பிட்ட கனமுள்ள புரதத்தை ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. அப்படி விடும் என்று யாருக்கும் தெரியாது; தெரியாததால் யாரும் அதற்குச் சாயம் ஒட்டிப் பார்த்ததும் இல்லை. பக்கத்துச் செல்களுக்கு அது சொல்லிவிட்டுப் போகிற தகவல் என்று தான் கருதுவதாகச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். பல தடவை சொல்லிப் பழகிய விலை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அண்ணி அந்த உயரமான ஷூவைக் கேட்டு வாங்கித் தங்கையிடம் கொடுத்து, கதவுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னாள். தங்கை மறுபேச்சில்லாமல் நடந்தாள். வலது பக்கம் தூக்கிக்கொண்டு அவள் நொண்டியதை வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

மருமகன் கையை விரித்தான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று அந்தக் கை கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு வேணும். நீங்க இந்த ஷூவோட உள்ள போயிருக்கீங்களா, தம்பி?" என்றாள் அண்ணி.

யாரும் போகமுடியாது என்றான் அவன். வெளித்தூசி ஒன்று விழுந்தாலும் படம் போச்சு. அதற்குத்தானே அலமாரி.

"அப்ப இந்தப் பொண்ணும் இதைப் போட்டுட்டு உள்ள வந்திருக்க முடியாது. அடியைப் பாருங்க, புதுத் தோல். ஒரு தெரு மண்ணுகூட இல்ல. இன்னொண்ணு, கால் சமமா இருக்கறவங்களைத்தான் இந்த ஷூ நொண்ட வைக்கும். அவ அக்காவை இது நேரா நடக்க வெச்சது. வெளிய பாத்தவங்களுக்கு அவங்க நொண்டறது தெரியவே தெரியாது. உள்ள, தட்டைச் செருப்புல மட்டும்தான் நொண்டியிருக்காங்க."

பேராசிரியர் அதை இப்போதுதான் யோசித்தவர்போலத் தலையை ஆட்டினார்.

ஷூ எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று தங்கை மெதுவாகச் சொன்னாள். அக்கா அதை அடி மாற்றக் கொடுத்துவிட்டு, பழைய ஜோடியோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்தபிறகு கடைக்காரர் போன் செய்தார். "ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்கோங்கன்னார். போய் வாங்கிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா பாப்பாங்க. அதான் இங்கயே வெச்சுட்டேன்."

அவள் கழற்றிய ஷூவை மீட்டர் வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

மருமகன் விடவில்லை. ஷூ இல்லாமலும் ஒருத்தி நொண்டி நடிக்கலாமே என்றான். கூடப்பிறந்தவள், சின்ன வயதிலிருந்து பார்த்த நடை. அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. பேராசிரியரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. தங்கை அதைப் பார்த்தாள்.

"எனக்கு வேலை போனா போகட்டும் சார். அது அக்காதான். அதை மட்டும் நடிப்புன்னு எழுதிடாதீங்க," என்றாள்.

அண்ணி இரும்பு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கடையில் எல்லாத் துணியையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, விரித்துக் காட்டாத ஒன்றை மட்டும் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அண்ணி இப்போது அப்படித்தான் நின்றாள்.

"சார், கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள படம் எங்க?"

மூலப்படமா என்று பேராசிரியர் ஆச்சரியப்பட்டார். அதை யாரும் பார்ப்பதில்லையே. வெறும் கண்ணாடி மேடு பள்ளம். குப்பை. மெஷினுக்குள் எங்காவது கிடக்கும், இடம் போதாதபோது அழிப்போம். மருமகனும் அதையே சொன்னான், கொஞ்சம் வேகமாக. கூட்டத்துக்கு நேரமாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

"குப்பைதான் வேணும். எங்க தொழிலே அதுதான்," என்றாள் அண்ணி.

மருமகன் தன் பெயரில் வைத்திருந்த படங்களிலிருந்து பேராசிரியரே தேடி எடுத்தார். இடப்பக்கத் திரை சாம்பல் நிறமானது. காய்ந்த ஏரிப் படுகையை வானத்திலிருந்து பார்ப்பதுபோல ஒரு கரடுமுரடு. செல்லும் இல்லை, புள்ளியும் இல்லை, எல்லாம் அந்தச் சாம்பலுக்குள் மூழ்கிக் கிடந்தன. ஆனால் மேல்மூலையில் ஒன்று தெரிந்தது. யாரோ கூரான முனையால் இழுத்த இரண்டு கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஒன்றின் வால் மட்டும் கொக்கியாக வளைந்து.

கழித்த படத்தில் அது இல்லை. அசையாமல் இருந்ததால் மெஷின் தூக்கி எறிந்துவிட்டது. அந்த ஆய்வகத்தில் படித்த அத்தனை பேரும் மெஷின் எறிந்ததைத் தாங்களும் எறிந்து பழகியவர்கள்.

தங்கை ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள். "அக்கா கீறல்," என்றாள். செல் எங்கே உட்கார்ந்தது என்று திரும்பக் கண்டுபிடிக்க, வைரமுனைப் பேனாவால் அக்கா ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு கீறல் போடுவாள். இடக்கைக்காரி. வால் எப்போதும் அந்தப் பக்கம்தான் வளையும்.

பேராசிரியர் மருமகனைப் பார்த்தார். மருமகன் அரைக்கணம்தான் எடுத்துக்கொண்டான். ஆமாம், அவளுடைய கண்ணாடிதான் என்றான். அவள் கீறி வைத்திருந்த புதுக் கண்ணாடிகள் பெட்டியில் மிச்சம் இருந்தன. வீணாக்குவானேன் என்று அதில் ஒன்றை எடுத்துப் போன மாதம் படம் எடுத்தேன். அதிலென்ன தப்பு?

"தப்பே இல்ல. அப்ப இந்தக் கண்ணாடி, அவங்க போனப்புறம் நீங்க பெட்டியிலிருந்து எடுத்தது. உங்க கையாலயே மெஷின்ல வெச்சது. சரிதானே?"

"ஆமா."

"அவங்க போன அன்னிக்கு நீங்க...?"

"நான் இங்கயே இல்ல. வேற ஊர்ல ஒரு கருத்தரங்கு. போன்லதான் தெரியும்."

விலை பேசி முடிந்தது என்பது மீட்டருக்குப் புரிந்தது. இனிமேல் ஆள் பின்வாங்கமுடியாது. அண்ணி துணியைக் கிழித்துவிட்டாள்.

படம் எடுத்துமுடித்த கண்ணாடியை என்ன செய்வார்கள் என்று அண்ணி கேட்டாள். குப்பைத்தொட்டிதான் என்றார் பேராசிரியர். புரதம் ஒட்டிய கண்ணாடி மறுபடி உதவாது.

"அக்கா போடமாட்டா," என்றாள் தங்கை. "படம் நல்லா வந்துட்டா, சின்ன டப்பாவுல போட்டு அங்கிப் பையில வெச்சுப்பா. சார் பாத்து நம்பற வரைக்கும் தூக்கிப் போடக்கூடாதும்பா."

அண்ணி அவள் பக்கத்தில் போய், உயரம் குறைத்துக் குந்தி உட்கார்ந்தாள். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலம் என்றாள் தங்கை. அக்கா போட்டிருந்தது எல்லாம் அதில் இருக்கிறது. அன்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். அம்மாவும் பிரிக்கவில்லை, இவளும் பிரிக்கவில்லை. பிரித்தால் முடிந்துபோய்விடும் என்று தோன்றியதாம்.

"நான் பிரிக்கட்டுமா?"

தங்கை தலையசைத்து மறுத்தாள். பிறகு துணிப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு அரக்கும் ஆஸ்பத்திரி முத்திரையும் தேதியும் எல்லோரும் பார்க்கும்படி திருப்பிக் காட்டிவிட்டு, நகத்தால் கிழித்தாள். அடைபட்டிருந்த வாசனை வெளியே வந்தது. சோப்பும் வியர்வையும், ஏதோ தலைக்குப் போடும் எண்ணெயும். உயிரோடிருக்கும் ஒருத்தியின் வாசனை. அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் இப்போதுதான் வந்தாள்.

அங்கியின் பைக்குள் கைவிட்டுத் தங்கை ஒரு தட்டையான டப்பாவை எடுத்துப் பேராசிரியரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திறந்து, இடுக்கியால் கண்ணாடியை எடுத்து, மெஷினில் வைத்தார். வலப்பக்கத் திரை சாம்பலானது. அவர் விரல்கள் திருகைத் தடவித் தடவித் தேடின. சாம்பல் நகர்ந்தது. ஒரு கோடு வந்தது. இன்னொரு கோடு வந்தது. கொக்கியாய் வளைந்த வால் வந்தது.

இரண்டு திரையிலும் ஒரே கீறல், ஒரே ஏரிப் படுகை.

"போன மாசம் நீங்க மெஷின்ல வெச்ச கண்ணாடி, தம்பி, அதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி சீலுக்குள்ள போயிடுச்சு. பேய்தான் கொண்டுவந்து குடுத்துட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போச்சா?" என்றாள் அண்ணி.

மருமகன் வாயைத் திறந்தான். பேராசிரியர் கையை உயர்த்தினார். அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டாகவும் நாலாகவும் கிழித்து, கிழித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார். "கூட்டத்துல நீதான் பேசணும். உங்க அக்கா படம்னு சொல்லிட்டு ஆரம்பி."

அவள் சரி என்று சொல்லவில்லை. படம் முழுதையும் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். கழிக்காமல், அப்படியே.

பேராசிரியர் இடப்பக்கத் திரையில் மூலப்படத்தை ஓடவிட்டார். சாம்பல் நடுங்கியது. பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. மெஷினை ஓடவிட்டுவிட்டு அவள் மூலையிலிருந்த நாற்காலிக்குப் போகிறாள். மீட்டர் தன்னையறியாமல் மேஜையில் விரலால் தட்டினான். வலத்திரை துள்ளியது, பேராசிரியர் முறைத்தார். கையை எடுத்துத் தன் வலது முழங்காலில் தட்டினான். டொக், டப். டொக், டப். நின்றது. அவள் உட்கார்ந்துவிட்டாள். தங்கை அந்த மூலையைப் பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"நீங்க மேல போகலாம், தம்பி. வந்தவங்களை உக்கார வைங்க," என்றாள் அண்ணி.

மீட்டருக்குத் திக்கென்றது. வலையில் விழுந்த மீனைக் குளத்துக்கு வழி காட்டி அனுப்புகிற துப்பறிவாளரை அவன் பார்த்ததில்லை. மருமகனும் எதிர்பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தான், அவர் திரும்பவில்லை. அங்கியை நீவிவிட்டுக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணி படத்தின் கடைசிப் பகுதிக்குப் போகச் சொன்னாள். போன வாரம் எல்லோருக்கும் காட்டியது இதில் பாதிதான், மீதியை மெஷின் ஏன் வெட்டியது என்று கேட்டாள். ரொம்பக் குலுங்கிய பகுதியை மெஷின் தானாகவே வெட்டிவிடும் என்றார் பேராசிரியர். சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுவில் திரை ஒரு கணம் வெளுத்து, வேறொரு கீறல் வந்தது; படம் வந்த கண்ணாடியை டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்ததை மெஷினில் வைத்துவிட்டு அவள் மறுபடி உட்கார்ந்திருக்கிறாள்.

குலுங்கியது. இது வேறு நடை. குதிகால் முதலில் குத்தி, பாதம் பின்னாலேயே அறைந்து, ஒவ்வொரு அடிக்கும் இரட்டை அதிர்வு. நாற்காலி இருந்த மூலையை நோக்கி வந்தது. நின்றது. பிறகு அவளுடைய நொண்டல் எழுந்தது, அவசரமாக, கதவுப் பக்கம். இரட்டை அதிர்வு பின்னாலேயே போயிற்று.

"தட்டு," என்றாள் அண்ணி. "அந்த ரெண்டாவது நடையை. இந்தக் கையால இதை. அந்தக் கையால அதை."

அதை என்று அவள் காட்டியது வலத்திரையை. அது பழைய படமல்ல. இந்த நிமிஷத்தில் மெஷின் பார்த்துக்கொண்டிருப்பது. கதவுக்கு அப்பால், தாழ்வாரத்தில், தட்டைச் செருப்போடு ஒருவன் படிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய ஒவ்வொரு அடிக்கும் சாம்பல் நடுங்கியது.

மீட்டர் இடது கையை இடது முழங்காலில் வைத்தான். வலது கை இறந்துபோன ஒரு பிற்பகலைத் தட்டியது. இடது கை இப்போதையதைத் தட்டியது. இரண்டு கையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முயன்றான். முடியவில்லை. டக்-டப், டக்-டப். இரண்டு முழங்காலிலும் ஒரே அடி, ஒருவனே இரண்டு காலத்தில் நடப்பதுபோல.

பேராசிரியர் திரைகளைப் பார்க்கவில்லை. மீட்டரின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தம் தினமும் காலையில எங்க வீட்டு மாடியிலேர்ந்து இறங்கி வரும்," என்றார். "என் பொண்ணு அதைக் கேட்டுத்தான் காபி கலப்பா."

இடத்திரையில் நொண்டல் படியேறியது. இரட்டை அதிர்வு நெருங்கியது. ஒரு கணம் இரண்டும் ஒன்றாகக் குழம்பின. பிறகு ஏரிப் படுகை முழுதும் ஒரே தூக்காகத் தூக்கிப்போட்டது; மீட்டரின் வலது கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

தங்கை தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நொண்டல் இல்லை. ஒரு நடைதான் இருந்தது. டக்-டப், டக்-டப். ஓடவில்லை, நிற்கவில்லை, ஆளைக் கூப்பிடத் திரும்பவில்லை. படியேறிப் போய், சன்னமாகி, மறைந்தது. கீறலும் கண்ணாடியும் அசையாமல் நின்றன.

வலத்திரை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மருமகன் பாதிப் படியில் இருந்தான்.

சுவரிலிருந்த உள்தொலைபேசியை அண்ணி பார்த்தாள், எடுக்கவில்லை. மீட்டர் எழப்போனான், அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பேராசிரியர் கிழித்த கடிதத்தின் துண்டுகளை மேஜையோரத்தில் வைத்துவிட்டுப் போய் ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் வாசல் காவலாளி எடுத்தார்.

"மாப்பிள்ளை மேல வந்துட்டிருக்கார்," என்றார். "கேட்டைப் பூட்டிடுங்க. நான் வர்ற வரைக்கும் அவரை வெளிய விடாதீங்க."